பாலாற்றங்கரையின் செவிலித்தாய்: டாக்டர் ஐடா ஸ்கடர்

காஞ்சி நகரின் தென்மேற்கே, பாலாற்றின் வடகரையில் அமைந்த பழைய ஊர் செவிலிமேடு. வந்தவாசி செல்லும் சாலை ஆற்றுப் பாலத்தை நெருங்கும் இடத்தில் இவ்வூரைக் கடந்து செல்கிறது. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டு காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. தறியோசை கேட்கும் தெருக்களில், தார் சுற்றும் பெண்களும் பாவு விரிக்கும் ஆடவரும் இன்றும் தம் தொழிலைத் தொடர்ந்து வருகின்றனர்.

தமிழ் இலக்கியம் பயின்றோர் செவியில் இவ்வூரின் பெயர் விழும்பொழுது, ஊருக்கு முன்னே ஒரு தாய் தோன்றுவாள். அவளே செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், பாலூட்டி, சீராட்டி, நோயுற்றபோது கண்விழித்துக் காப்பவள் செவிலி. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பிரிந்து பெரிதும் தவிப்பவள் பல வேளைகளில் இச்செவிலியே ஆவாள். அரபு நாட்டு மரபிலும் இத்தாய்க்கு உயர்ந்த இடம் உண்டு. உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலம் எனத் தனியொரு படலமே அமைத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்த அன்னை ஹலீமாவின் பேற்றைப் பாடியுள்ளார். இன்று மருத்துவமனையில் பணிபுரியும் தாதியரைச் செவிலியர் என்று வழங்குகிறோம். பழஞ்சொல் ஒன்று தன் பொருளை இழக்காமலேயே புதுப்பணி ஏற்றுக்கொண்டமைக்கு இது நல்ல சான்றாகும்.

செவிலிமேட்டின் கரையைத் தழுவும் ஆற்றுக்கும் பாலாறு என்றே பெயர். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து காஞ்சிக்கு வந்து, பின் வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றின் கரையில், செவிலி என்ற சொல்லுக்குத் தம் வாழ்வையே உரையாக எழுதிச் சென்ற பெருமாட்டி ஒருவர் பிறந்தார். அவர்தாம் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர். கருவுற்ற பெண்களுக்காகவும், பேறுகாலத்தில் துன்புற்ற பெண்களுக்காகவும், வெளியே சொல்ல நாணும் நோய்களைச் சுமந்த பெண்களுக்காகவும் அவர் வாழ்ந்த வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பிறப்பும் குடும்பமும்

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பெயர் பெற்ற மருத்துவராக இருந்தவர். 1819ஆம் ஆண்டு அனைத்தையும் துறந்து கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். முதலில் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியிலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றினார். அவர்தம் மைந்தர்களும் அதே பணியை மேற்கொண்டனர். அவர்களுள் ஒருவர் தந்தையின் பெயரையே தாங்கிய டாக்டர் ஜான் ஸ்கடர். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவரே ஐடா. உடன்பிறந்தோர் அனைவரும் ஆண்கள். இவர் ஒருவரே பெண் மகவு.

அவருடைய இளமையில் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் மாண்டோர் இலட்சக்கணக்கினர். ஸ்கடர் குடும்பத்தார் பசித்த குழந்தைகளுக்கு உணவளித்தபொழுது, ரொட்டியைத் தூக்கி உண்ணவும் வலுவற்றிருந்த பிள்ளைகளின் வாயில் அதனைப் பிட்டுப் பிட்டு ஊட்டும் பணி சிறுமி ஐடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் வயதை ஒத்த குழந்தைகள் தெருவோரம் உயிரற்றுக் கிடந்ததையும் அவர் கண்டார். பிற்காலத்தில் செவிலியாக வாழ இருந்தவர் முதன்முதலில் ஊட்டிய கை அதுவே. ஆயினும் அக்காட்சி அவருக்கு அப்பொழுது அருளைவிட அச்சத்தையே மிகுதியாகத் தந்தது.

1878இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளுக்குப் பின் தந்தை இந்தியா வந்தார். தாயும் அவரைப் பின்தொடர நேர்ந்தது. உறவினர் இல்லத்தில் விடப்பட்ட ஐடா, தாயைப் பிரிந்த துயரை வாழ்நாள் முழுதும் மறந்தாரில்லை. பஞ்சமும் பிரிவும் சேர்ந்து அவர் மனத்தில் ஓர் உறுதியை விதைத்தன. குடும்பத்தார் அனைவரையும் விழுங்கிய இந்தியப் பணி தமக்கு வேண்டா என்பதே அவ்வுறுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்பீல்டு பெண்கள் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். அமெரிக்க மண்ணில் இனிய இல்லறம் ஒன்றை அமைத்துக்கொள்வதே அவர் கனவாக இருந்தது.

ஓர் இரவில் மூன்று அழைப்புகள்

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. அவருக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்தார். தந்தை அங்கே மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்குதான் அவர் வாழ்வைத் திருப்பிய இரவு வந்தது.

இரவு நேரத்தில் அந்தணர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் இயன்றது யாவும் முடிந்துவிட்டது. ஐடா வந்து உதவவேண்டும் என வேண்டினார் அவர். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தந்தையாரே தேர்ந்த மருத்துவர் என்றும், அவரை உடனே அனுப்புவதாகவும் ஐடா எடுத்துரைத்தார். அந்நிய ஆடவன் ஒருவன் தம் மனைவியைக் காண்பதினும் அவள் இறப்பதே மேல் எனக் கூறி அவ்வந்தணர் திரும்பிச் சென்றார்.

சற்று நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அதே துன்பம், அதே வேண்டுகோள். தந்தையுடன் தாமும் துணைக்கு வருவதாக ஐடா சொல்லியும் அவர் உடன்படவில்லை. குடும்பத்து ஆடவர் அல்லாத எவரும் தம் மனைவியின் முகத்தைக் கண்டதில்லை என்பதே அவர் தந்த மறுமொழி. மூன்றாவதாக மற்றுமோர் இந்துப் பெரியவர் வந்தார். அவரும் அவ்வாறே மீண்டார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தபொழுது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரியவந்தது. ஐடா தம் அறைக்குள் சென்று நெடுநேரம் தனித்திருந்தார். பின்னர்ப் பெற்றோரிடம் வந்து, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்கு உதவத் திரும்பி வரப்போவதாக அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்பொழுதெல்லாம் அம்மூன்று கணவர்களைக் கொடியவர் என எண்ணி எளிதில் கடந்துவிடுகிறோம். அவர்கள் கொடியவர்களாயின் நள்ளிரவில் விளக்கேந்தி அந்நியர் வாயிலுக்கு வந்திருப்பார்களா? மனைவியின் உயிரை அவர்கள் விரும்பினர். மனைவியின் மானத்தையும் விரும்பினர். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி அவ்வூரில் இல்லை. அறையில் மருந்து இருந்தது, கருவி இருந்தது, மருத்துவரும் இருந்தார்; பெண் மருத்துவர் மட்டும் இல்லை. ஐடா கண்டுகொண்ட உண்மை இதுவே. அவர்தம் பிற்கால வாழ்வு முழுவதும் இவ்வொரு குறையை நிறைக்கும் முயற்சியாகவே அமைந்தது.

அக்காலத்துப் பேறுகாலம்

அந்நாளில் பெண்கள் எத்தகைய நிலையில் மகப்பேறு அடைந்தனர் என்பதை அறிந்தாலன்றி இப்பணியின் அருமை விளங்காது. பேறுகாலத் தீட்டுக் கருதி, வீட்டின் காற்றும் ஒளியும் புகாத மூலையொன்றில் கருவுற்றவள் கிடத்தப்படுவாள். பரம்பரை மருத்துவச்சியர் அனுபவம் மிக்கவர்கள். இயல்பான பேற்றுக்கு அவர்கள் கைகள் போதுமானவை. ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இடுப்பெலும்பு இடங்கொடாவிட்டாலோ, உதிரப்போக்கு நில்லாவிட்டாலோ அவர்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கழுவாத கைகளாலும் தூய்மையற்ற அரிவாளாலும் வந்த நோய்கள் தாயையும் சேயையும் சேர்த்தே கொண்டுசென்றன. கை கழுவுவதால் பேறுகாலக் காய்ச்சலைத் தடுக்கலாம் என வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்திருந்தார். அவ்வறிவு நம் ஊர்களின் இருண்ட அறைகளை வந்தடைய இரண்டு தலைமுறைகள் ஆயின.

பிள்ளை பிறந்த பின்னரும் தவறான வழக்கங்கள் தொடர்ந்தன. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் எனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினர். நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்த முதல் மருந்தே சீம்பால்தான் என்பது அறியாமையால் மறைக்கப்பட்டது.

சென்னையில் விடிவு சற்று முன்னரே தோன்றியிருந்தது. 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. அவ்வாண்டு சேர்ந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லிப் அம்மையார், பின்னர் இலண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் கோஷாப் பெண்களுக்கென விக்டோரியா மருத்துவமனை தோன்றக் காரணமானார். சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் தாங்கி நிற்பதும், முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைப்பதும் அதுவே. திரைக்குப் பின்னிருந்த நம் பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்த்த அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் திண்டிவனத்துப் பெண்ணுக்கும் வேலூர்ப் பெண்ணுக்கும் செவிலிமேட்டுப் பெண்ணுக்கும் வலி தொடங்கிய இரவில் சென்னை எட்டாத் தொலைவாகவே இருந்தது.

கல்வியும் திரும்புதலும்

ஐடா 1895இல் பிலடெல்பியா நகரிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், பெண்களைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை ஒன்று எழுப்புவதற்கு நிதி திரட்டும் பொறுப்பும் அவரிடம் வந்தது. சிறுதொகைகளே சேர்ந்துகொண்டிருந்த வேளையில், ஷெல் என்ற முதிய வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். இறந்த ஒரு மனைவியின் நினைவில் எழுந்த கொடை, இறக்கவிருந்த பல மனைவியரைக் காக்கும் சுவராக மாறியது.

1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐடா தம் தோழி ஆனி ஹான்காக்குடன் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையிடம் அனுபவம் பெறலாம் என எண்ணி வந்தவருக்கு, அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தை மறைந்த பேரிழப்பு நேர்ந்தது. வழிகாட்டி இல்லை, கட்டடம் எழவில்லை, இளம்பெண் ஒருத்தி மருத்துவம் அறிவாள் என ஊர் நம்பவும் இல்லை. வேலூரில் பெற்றோர் வாழ்ந்த இல்லத்திலேயே ஒற்றைக் கட்டிலிட்டு மருத்துவத்தைத் தொடங்கினார். வீட்டுப் பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த சலோமி என்ற பெண்ணுக்குத் தாமே பயிற்சி அளித்துத் துணையாக்கிக்கொண்டார். கணவரை இழந்த தாயார் சோபியா அம்மையாரும் மகளுடன் தங்கிப் பணியில் பங்குகொண்டார். தயங்கித் தயங்கி வந்தவர்கள் பின்னர்த் திரள் திரளாக வந்தனர். இரண்டாண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு அவர் மருத்துவம் பார்த்ததாக அறிகிறோம். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

சொல்ல நாணிய நோய்கள்

அம்மருத்துவமனைக்குப் பெண்கள் கொண்டுவந்த துன்பங்கள் பலதிறப்பட்டவை. நாட்கணக்கில் நீடித்த பேற்று வேதனையில் குழந்தையின் தலை அழுத்தியதால் தாயின் சிறுநீர்ப்பையில் துளை விழுந்துவிடுவதுண்டு. அதன்பின் சிறுநீர் அடங்காது கசிந்துகொண்டே இருக்கும். குழந்தையையும் இழந்து, நாற்றத்தால் கணவனின் அருகிருப்பையும் இழந்து, வீட்டின் பின்கட்டில் ஒதுக்கப்பட்ட பெண்கள் அந்நாளில் எத்தனையோ பேர். அறுவை மருத்துவத்தால் சீராக்கக்கூடிய குறை அது என்பதை அவர்களிடம் சொல்வாரும் இல்லை. கருப்பை இறக்கம், அடங்காத மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்றுக் கட்டி ஆகியவையும் அத்தகையனவே. தாயிடமும் சொல்லத் தயங்கும் இந்நோய்களை ஒரு பெண்ணிடம், கதவடைத்த அறையில், சொல்ல முடிந்ததே பாதி மருத்துவமாக அமைந்தது. மகப்பேற்று மருத்துவமும் பெண்ணுறுப்பு நோய் மருத்துவமும் ஐடாவின் சிறப்புத் துறைகளாயின. பிற்காலத்தில் மாணவியர்க்கு அவர் கற்பித்தவையும் அவையே.

பிள்ளைப்பேறு வாய்க்காமை அக்காலப் பெண்ணின் மற்றொரு பெருந்துயர். தமிழ் வழக்கில் மலடி என்ற சொல் தெருவெல்லாம் கேட்கும். ஆணைச் சுட்டும் மலடன் என்ற சொல்லோ பேச்சில் அரிதாகவே எழும். சமூகம் யார்மீது குற்றம் சுமத்தியது என்பதற்குச் சொல் வழக்கே சாட்சி. பிள்ளையில்லாக் குறைக்கு ஆண், பெண் இருபாலாரிடத்தும் காரணம் இருக்கக்கூடும் என்பதையும், ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் ஆணின் குறையும் பங்கு பெறுகிறது என்பதையும் இன்றைய மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் இக்குறையைச் சந்திக்கின்றார் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு தெரிவித்தது. இதனை அறியாத காலத்தில் எத்தனை பெண்கள் பழிசுமந்தனர், எத்தனை பெண்கள் சக்களத்தியை ஏற்றனர் என்பதை எண்ணும்பொழுது நெஞ்சம் கனக்கிறது. தாம் மணம்புரியாமலும் மகவு பெறாமலும் வாழ்ந்த ஐடாவை, அவர் கைகளில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டு எண்ணினால், பிள்ளையற்றவர் என எவரும் சொல்லத் துணியார்.

ஒருவர் போதார்

மருத்துவமனை வளர்ந்தது, ஆனால் துன்பம் அதனினும் விரைந்து வளர்ந்ததாகவே ஐடாவுக்குத் தோன்றியது. மருத்துவமனைக்கு வர இயலாதோரை நாடி அவரே சென்றார். தொடக்கத்தில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் நன்கொடையாக வந்த பிரெஞ்சு நாட்டுப் பெஷோ மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலை வழியே பயணமானார். புளிய மரத்தடிகளே மருந்தகங்களாயின. மரத்தடியில் காத்திருந்த நோயாளருக்கு மருந்து கொடுத்தும் புண்ணுக்குக் கட்டுப்போட்டும் அடுத்த மரத்தடியை நோக்கிச் சென்றார். குதிரையோ மாடோ பூட்டாத வண்டியைக் கண்டு முதலில் ஓடி ஒளிந்த சிற்றூர் மக்கள், பின்னர் அதன் ஓசைக்காகச் செவிசாய்த்துக் காத்திருந்தனர். இன்றைய நடமாடும் மருத்துவமனைகளுக்கு அப்பயணங்களே முன்னோடி எனலாம்.

ஆயினும் ஒரு பெண் மருத்துவர் எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? திண்டிவனத்து இரவில் மூன்று வாயில்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வந்தது. அன்று அவர் மருத்துவராகவே இருந்திருப்பினும் ஒரு வீட்டுக்குத்தானே சென்றிருக்க முடியும்? இந்தக் கணக்கே அவரை ஆசிரியராக்கியது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியைத் தொடும் தொழிலைத் தாழ்வாகக் கருதிய குடும்பங்களிலிருந்து பெண்களை அழைத்துவந்து அவர்களுக்கு வெண்ணிற உடை உடுத்திய பெருமை அப்பள்ளிக்கு உண்டு. நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் தொடங்கிய நிறுவனங்களுள் அதுவும் ஒன்றாக வளர்ந்தது.

அடுத்து அவர் எடுத்த முயற்சி இன்னும் துணிவானது. பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி வேண்டுமென அரசை அணுகினார். விரல்விட்டு எண்ணத்தக்க பெண்களே விண்ணப்பிப்பர் என மருத்துவத் துறையின் மேலதிகாரி ஐயுற்றார். விண்ணப்பங்களோ அவர் கணக்கைப் பொய்யாக்கின. 1918 ஆகஸ்ட் 12ஆம் நாள் மதராஸ் மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அப்பள்ளியைத் திறந்து வைத்தார். முதல் வகுப்பில் இருந்தோர் இருபதுக்கும் குறைவானவரே. கருவிகள் குறைவு, நூல்கள் குறைவு, ஆசிரியர்களோ மிகக் குறைவு. ஐடாவே பாடம் நடத்தினார். ஐடாவே அறுவை மருத்துவம் செய்து காட்டினார். மாகாணத்துப் பொதுத்தேர்வில் ஆண் மாணவருள் ஐவருக்கு ஒருவரே தேறியிருக்க, அவர்தம் மாணவியர் அனைவரும் தேறினர் என்ற செய்தி வந்தபொழுது, பெண் மூளை மருத்துவத்தைத் தாங்காது எனப் பேசிய வாய்கள் அடங்கின. 1922இல் அம்முதல் மாணவியர் மருத்துவர்களாக வெளிவந்தனர். ஐடா ஸ்கடர் என்ற ஒருவர் பலராகிப் பல ஊர்களுக்குச் சென்ற நாள் அது.

முதுமையில் வந்த சோதனை

அறுபத்தேழு வயதைக் கடந்து ஓய்வை எதிர்நோக்கியிருந்த காலத்தில் அவருக்குப் பெருஞ்சோதனை வந்தது. பட்டயப் படிப்புகளை ஒழித்து, மருத்துவக் கல்வி யாவும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே அமையவேண்டும் என 1938ஆம் ஆண்டளவில் மாகாண அரசு முடிவு செய்தது. பட்டப்படிப்புக்கு வேண்டிய பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் வேலூரில் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை தோன்றியது. போர்க்காலத்தில், எழுபது வயதில், ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார்.

நிதியினும் கடினமான வினா ஒன்று அவர்முன் நின்றது. கல்லூரி நிலைக்கவேண்டுமாயின் ஆடவரையும் சேர்க்கவேண்டும் எனப் பலர் கருதினர். பெண்களுக்கெனக் கொடுத்த பணத்தை ஆண்களுக்குச் செலவிடுவதா என நெடுங்காலமாக அவருக்குத் துணைநின்ற புரவலர்களுள் சிலர் வெகுண்டனர். பெண்களின் துயரைக் கண்டே இப்பணியில் இறங்கியவருக்கு இரு பக்கமும் வலித்தது. மூடிய கதவுக்குப் பின்னால் தூய கொள்கையோடு அழிவதைவிட, கதவை அகலத் திறந்து பெண்களின் இடத்தை உள்ளே உறுதிசெய்வதே மேல் என அவர் தெளிந்தார். 1942இல் கல்லூரி பட்டப்படிப்புத் தகுதி பெற்றது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர். அவர் எடுத்த முடிவு சரியா என வழக்காடலாம். அம்முடிவில் தன்னலம் இருந்தது என எவரும் சொல்ல இயலாது.

1946இல் பொறுப்புகளிலிருந்து விலகிக் கொடைக்கானலில் ஓய்வு கொண்டார். நாடு விடுதலை பெற்ற பின், மகப்பேற்று மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். இந்தியப் பெண்ணொருத்தியின் கையில் தம் பணி சென்று சேர்ந்ததைக் காணும் பேறு ஐடாவுக்கு வாய்த்தது. 1960ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

ஸ்கடர் அம்மையார் கிறித்தவ சமயத் தொண்டராக வந்தவர். அவர்தம் நம்பிக்கை வேறு. நம் நம்பிக்கை வேறு. இதனை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அன்றிரவு திண்டிவனத்தில் இறந்த மூவருள் ஒருத்தி நம் சமுதாயத்துப் பெண் என்பதையும், அவளுக்காக அழுத கண்கள் அந்நியக் கண்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நம் முன் நிற்கும் வினா

என் பாட்டியார் சொல்லக் கேட்ட செய்தியொன்று உண்டு. 1950களில் அவருக்கு முதற்பேறு வாய்த்தபொழுது ஊரில் ஆண் மருத்துவரே இருந்தார். பெரியவர்கள் தயங்கினார்கள். மூன்று நாள் வேதனைக்குப் பின் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. மறுமுறை கருவுற்றபொழுது பாட்டனார் எவரையும் கேளாமல், ஏழாம் மாதத்திலேயே பேருந்தில் அழைத்துக்கொண்டு வேலூர் சென்றார். அங்கே பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். என் தந்தையார் பிறந்தார். அம்மருத்துவரின் பெயரைப் பாட்டியார் அறியார். தம் கையைப் பற்றிக்கொண்டு தமிழில் பேசினார் என்பது மட்டுமே இறுதிவரை அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பெயரறியாப் பெண்ணை மருத்துவராக்க ஒருவர் முன்வந்திராவிடில் இக்கட்டுரையை எழுத நான் இருந்திரேன்.

இன்று நிலை வெகுவாக மாறியுள்ளது. தமிழகத்தில் பேறுகள் ஏறத்தாழ முழுமையாக மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கின்படி, இலட்சம் பேறுகளுக்குத் தாய் இறப்பு நாட்டளவில் 97 ஆக இருக்கத் தமிழகத்தில் 54 ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறாத குழந்தைகள் இன்னும் பலர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் மற்ற உணவோடு ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக மருத்துவர்களின் ஒருமித்த அறிவுரை. தாய்மார் ஈராண்டு பாலூட்டுவதைத் திருமறை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமக்கு அறிவுறுத்தியுள்ளது. அவ்வாறு பாலூட்டும் தாய்க்கு ஓய்வும் ஊட்டமும் ஆறுதலும் அளிப்பது வீட்டு ஆடவரின் கடமை. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவளாயினும், தார் சுற்றுபவளாயினும், அலுவலகம் செல்பவளாயினும், பால் கட்டி வலிக்கும்போதும் பால் சுரக்கவில்லையெனக் கலங்கும்போதும், அவளுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. அருகில் அமரும் ஒரு செவிலி.

பெண்ணின் நாணத்தைக் காக்க விரும்பும் சமுதாயம், பெண்களை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டும். முன்னதை மட்டும் ஏற்றுப் பின்னதை மறந்தால், அந்நாணத்துக்கு விலையாகப் பெண் தன் உயிரைத் தரவேண்டி வரும். திண்டிவனத்துக் கணவர்கள் செய்த பிழை அன்றிரவு மட்டும் செய்ததன்று. தம் ஊர்ப் பெண் ஒருத்தியையேனும் மருத்துவம் படிக்க அனுப்பாத முந்தைய பல ஆண்டுகளிலும் செய்யப்பட்ட பிழை அது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயிலும் நம் பெண்மக்களின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே படிக்க வைப்பதா, மணம் பேசுவதா எனத் தயங்கும் பெரியவர்கள் ஒருகணம் அந்த மூன்று வீட்டு வாயில்களை நினைத்துப் பார்ப்பார்களாக.

மழைக்காலத்தில் பாலாற்றில் வெள்ளம் வரும். இராணிப்பேட்டையைத் தொட்டு வரும் அந்நீர் செவிலிமேட்டுக் கரையையும் நனைத்துச் செல்லும். ஆண்டின் மற்ற நாட்களில் மணல்தான் தெரியும். ஆயினும் தோண்டினால் ஊற்று உண்டு. ஐடா அம்மையாரின் தொண்டும் அத்தகையதே. அவ்வூற்று வற்றாமல் காப்பது இக்கல்லூரியில் பயிலும் மாணவியர் கையிலும், அவர்களைப் பயில அனுப்பும் பெரியோர் கையிலும் இருக்கிறது. அன்னார் புகழ் வாழ்க. அவர் காட்டிய வழியில் நம் பெண்மக்கள் சிறக்க.